இடது பக்கத்துச் சக்கரம்

சக்கரத்து நட்டுகளில் மூன்று கழன்றுவிட்டன. நான்காவது மட்டும் அடம்பிடித்தது. சின்னக்கண்ணு ஸ்பேனரின் பிடியில் ஓர் இரும்புக் குழாயைச் செருகி, அதன்மேல் ஏறி நின்று மிதித்துப் பார்த்தான். வண்டிதான் ஆடியதே தவிர நட்டு அசையவில்லை. ஆடியிலிருந்து பங்குனி வரைக்கும் வீட்டை ஒட்டிய சந்தில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்த வண்டி. துரு பிடிக்காமல் வேறென்ன செய்யும்? உள்ளே தறி ஓடிக்கொண்டிருந்தது. அவன் மிதிக்கும்போதெல்லாம் தறிச் சத்தம் ஒரு நொடி நின்று, பிறகு மறுபடி தொடங்கியது. நெய்வது அவன் பெண்டாட்டி அபிதகுசாம்பாள். இந்தப் பக்கம் வரமாட்டாள், வண்டியைத் திரும்பிப் பார்க்கமாட்டாள், காதை மட்டும் இங்கேயே வைத்திருப்பாள்.

மூன்று சக்கர பேட்டரி வண்டி அது. செய்து விற்ற கம்பெனி எப்போதோ இழுத்து மூடிக்கொண்டு போய்விட்டது. சின்னக்கண்ணு அதை பழையதாக வாங்கி, ஆரணிக்கும் சேவூருக்கும் இடையில் தறியில் ஏற்றும் பாவு நூலும் சாய நூலும் மடித்த புடவைக் கட்டுகளும் ஏற்றிக்கொண்டு திரிந்தான். காலையில் முதல் சவாரி மட்டும் கோகுல்ராஜுக்கு. கோகுல் அபிதாவின் தம்பி. செய்யாறு கம்பெனியில் ஷிப்ட் வேலை. தாய் செத்தபோது தவழ்ந்துகொண்டிருந்தவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அபிதா. கல்யாணமாகி வந்தபோது அண்டா குண்டானோடு அவனும் ஒரு சீர்வரிசையாக வந்து இறங்கினான் என்று தெருவில் கேலி செய்வார்கள். சின்னக்கண்ணுவுக்கு அந்தக் கேலி பிடித்திருந்தது. இந்த வீட்டில் வேறு பிள்ளை பிறக்கவில்லை. 'மாமா, மாமா' என்று காலைச் சுற்றி வந்த ஒரே பிள்ளை அவன்தான்.

ஆடி மாதத்தில் ஒரு விடியற்காலை, கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கப் போகும் வழியில், ஆற்றுப் பாலத்து இறக்கத்தில் வண்டி நிற்கவில்லை. கீழே நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர் டயர் மாற்றிக்கொண்டு நின்றது. "ஜல்தி போ மாமா, சூப்பர்வைசர் பேஜார் பண்ணுவான்" என்று கோகுல் சொல்லி வாய் மூடவில்லை. சின்னக்கண்ணு பிரேக்கை மிதித்தான். வண்டி வலது பக்கமாக இழுத்துக்கொண்டு ஓடியது. டிரெய்லரின் மூலை இடது பக்கத்தில் ஏறியது. இடது பக்கம் உட்கார்ந்திருந்தவன் கோகுல்; அங்கேயே உயிர் போய்விட்டது. பின் ஆக்சில் வில்லாக வளைந்தது. சின்னக்கண்ணுவுக்கு உதட்டில் ஒரு காயம், அவ்வளவுதான். அந்த வெட்கத்தை என்ன செய்வதென்று இன்றுவரை அவனுக்குத் தெரியவில்லை.

பிரேக் பிடிக்கவில்லை என்று பார்த்தவரிடமெல்லாம் சொன்னான். எல்லோரும் தலையாட்டினார்கள், ஒருவரும் நம்பவில்லை. வேகமாக ஓட்டியிருப்பான், தூக்கக் கலக்கத்தில் இருந்திருப்பான் என்று ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது. அபிதாவிடமும் அதையே சொன்னான். "என் தம்பிய கொண்டும்போய் மோத உட்டுட்டு, பிரேக்கு புடிக்கலன்னு சொல்றியா நீ?" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து 'ங்க' போடாமல் அவனிடம் பேசாதவள் முதல் தடவையாக நீ என்றாள். அதற்குப் பிறகு நீயும் இல்லை, நீங்களும் இல்லை. தட்டில் சோறு வரும், தம்ளரில் தண்ணீர் வரும், பேச்சு வராது. வண்டியைக் கழற்றிப் பார்த்தால் ஒரு நாள் எல்லாம் தெரிந்துவிடும் என்பதே அவனுக்கு மிஞ்சிய பிடிமானம். எது அறுந்தது, எது உடைந்தது என்று கையில் எடுத்துக்கொண்டுபோய் அவள் முன்னால் வைக்கவேண்டும். அதையும் பங்குனி வரைக்கும் தள்ளிப்போட்டதற்குக் காரணம் பயம்தான். ஒன்றுமே உடையாமல் இருந்துவிட்டால்?

கடைசியில் நட்டு ஒரு கத்தல் கத்திக் கழன்றது. சக்கரத்தை உருவி, பிரேக் டிரம்மைச் சுற்றிலும் சுத்தியால் தட்டி எடுத்தான். வலது சக்கரத்தைக் காலையிலேயே பார்த்தாகிவிட்டது. உள்ளே சாம்பல் போல் காய்ந்த தூசி, அவ்வளவுதான். இடது பக்கம் வேறு மாதிரி இருந்தது. டிரம்மின் உள்வட்டம் மினுங்கியது. பிரேக் ஷூவின் மேல் ஒட்டியிருந்த, டிரம்மை உரசிப் பிடிக்கும் லைனிங் கறுத்துச் சொதசொதவென்று இருந்தது. விரலை வைத்தான், வழுக்கியது. எண்ணெய்! எண்ணெய் இறங்கிய பிரேக் எப்படிப் பிடிக்கும்? ஒரு பக்கம் பிடித்து ஒரு பக்கம் வழுக்கினால் வண்டி இழுக்காமல் என்ன செய்யும்? "அபிதா" என்று கூப்பிட வாயைத் திறந்துவிட்டான்.

ஆக்சில் எண்ணெய்தான் அதைத் தடுக்கும் ரப்பர் 'சீல்' தாண்டிக் கசிந்திருக்கவேண்டும் என்று விரலை மூக்கருகே கொண்டுபோனான். ஆக்சில் எண்ணெய் கறுப்பாக, கெட்டியாக, குடலைப் புரட்டும் வாடையோடு இருக்கும். இது மெல்லிய எண்ணெய், வாடையே இல்லை. குனிந்து பார்த்தான். ஷூவை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங்கில் ஏதோ சுற்றிக்கொண்டிருந்தது. நகத்தால் கிள்ளி எடுத்து வெளிச்சத்தில் காட்டினான். அரக்கு நிறப் பட்டு நூல், விரல் நீளத்துக்கு, எண்ணெயில் ஊறியது.

அமாவாசையன்று தறியில் உட்காருவதில்லை. தறியைத் துடைத்து, ராட்டை, மிதி, ஜக்கார்டு பெட்டி என்று சுழல்வது அசைவது எல்லாவற்றுக்கும் எண்ணெய் விடும் நாள் அது. எண்ணெய்க் கேனின் நீளமான மூக்கில் அறுந்த பட்டு நூலைச் சுற்றிக் கட்டிவைப்பது அபிதாவின் வழக்கம்; பாவின்மேல் ஒரு சொட்டு சிந்தினால் புடவையே போச்சு. தறியோடு நிறுத்தமாட்டாள். கதவுக் கீல், கிணற்று உருளை, தையல் மிஷின் என்று வீட்டில் கத்துகிற எதையும் விட்டுவைக்கமாட்டாள். ஆடி மாதம் தறியில் அரக்குப் பாவு ஏறியிருந்தது. இடது சக்கரம் அப்போது கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. அமாவாசைக்குப் பிறகு சத்தம் நின்றுபோனதில் அவனுக்குச் சந்தோஷம்தான். ஏன் நின்றது என்று பார்க்கத் தோன்றவில்லை. சக்கரத்தின் உள்தட்டில் விரல் நுனி அளவுக்கு ஒரு துளை உண்டு. கேன் மூக்கு அதில் தாராளமாக நுழையும்.

தேடியது கிடைத்துவிட்டது. இத்தனை மாதம் அவன் கேட்டுக்கொண்டிருந்த விடுதலை அந்த நூலில்தான் இருந்தது. போய் அவள் கையில் வைத்தால் போதும், ஒரு வார்த்தை பேசவேண்டாம். 'நீயா நானா?' என்று கேட்கவும் ஆசை வந்தது. வரத்தான் செய்தது, அதை மறைப்பானேன். அப்படியே டிரம்மைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தான். தறிச் சத்தம் நின்றது. பின்கதவுப் படியில் அபிதா டீ தம்ளரோடு நின்றாள்.

"உள்ள இன்னா இருந்துது?"

எத்தனையோ நாளுக்குப் பிறகு அவளாகக் கேட்ட கேள்வி. சின்னக்கண்ணு கையை மூடிக்கொண்டான்.

"ஒண்ணுமில்ல அபிதா. பிரேக்கு நல்லாத்தான் கீது. நான்தான்... நான்தான் கவனிக்காம ஓட்டிட்டேன்."

அவள் தம்ளரைப் படியில் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். சாவு வீட்டில்கூட அப்படி அழவில்லை. அவனும் அழுதான், வேறு காரணத்துக்காக. வெகுநேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இத்த அன்னிக்கே ஒத்துகினு இருந்தா நான் இன்னா உங்கள அடிச்சா போட்டிருப்பேன்?" என்றாள். எழுந்தவள் திரும்பி, "டீ ஆறுது, குடிங்க" என்றாள். அந்த 'ங்க' அவன் நெஞ்சில் போய்க் குத்தியது.

லைனிங்கை மண்ணெண்ணெயில் கழுவிப் பார்த்தான். கழுவக் கழுவ மேலே காய்ந்தது, அடியிலிருந்து மறுபடி ஊறியது. ஷூவையும் வளைந்த ஆக்சிலையும் சாக்கில் சுற்றி லேத் பட்டறைக்குக் கொண்டுபோனான். பட்டறைக்காரன் தனக்கோடி ஆக்சிலைச் சுழலவிட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். நிமிர்த்தினால் நிற்காது, புதிதாகக் கடைந்துதான் போடவேண்டும். ஷூவை எடுத்து அடுப்பருகே காட்டினான். லைனிங்கில் எண்ணெய் வேர்த்தது.

"இன்னாண்ணே, இம்மாம் எண்ணெ குடிச்சிருக்கு? இதுல எப்டி பிரேக்கு புடிக்கும்? சீலு பூடுச்சா?"

"ஆமா. சீலுதான்."

"அப்ப உன் மேல தப்பு இல்லியேண்ணே. அண்ணிகிட்ட சொன்னியா?"

"சொல்லிட்டேன்" என்றான் சின்னக்கண்ணு. பொய் சொல்வது இரண்டாவது தடவை அவ்வளவு சிரமமாக இல்லை.

புது லைனிங் ஒட்டி, ஆக்சில் கடைந்து, பேரிங்கும் சீலும் மாற்றி, கேபிளை இழுத்துக் கட்டுவதற்குள் பங்குனி பாதி போய்விட்டது. அந்த நாட்களில் வீடு கொஞ்சம் வீடாக இருந்தது. அபிதா அவனுக்குச் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். கோகுலின் சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைத்தாள். ஒரு நாள், "எல்லாருக்கும் கைத்தப்பு வர்றதுதான்" என்றாள், சுவரைப் பார்த்துக்கொண்டு. சின்னக்கண்ணு சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். மன்னிக்கிறாள். செய்யாத தப்புக்கு மன்னிப்பை வாங்கி உண்டுகொண்டிருந்தான். கசந்தாலும் அதை விட அவனுக்கு மனம் வரவில்லை. அரக்கு நூலை அன்றைக்கே அடுப்பில் போட்டிருந்தான்.

அமாவாசையன்று காலை வண்டியை வெளியே எடுத்தான். பாலத்து இறக்கம் வரை போய், நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு பிரேக்கை மிதித்தான். வண்டி கோடு போட்டதுபோல் நேராக நின்றது. கூடவே தெருவே திரும்பிப் பார்க்கும்படி ஒரு கிறீச். புது லைனிங் கொஞ்ச நாள் கத்தும், பழகினால் அடங்கிவிடும் என்று தனக்கோடி சொல்லித்தான் அனுப்பியிருந்தான். வரும் வழியெல்லாம் கத்திக்கொண்டே வந்து சந்தில் நின்றது.

தறி ஓடாத வீடு அமைதியாக இருந்தது. அபிதா தலைக்குக் குளித்துவிட்டு, கேனும் கையுமாகக் கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டுப் படியிறங்கி வந்தாள். தம்பி போன பிறகு அவள் அந்தச் சந்தில் கால் வைப்பது இதுதான் முதல் தடவை. வண்டியைத் தொட்டுப் பார்த்தாள். கோகுல் உட்காரும் இடத்தைப் புறங்கையால் துடைத்தாள்.

"இன்னாங்க இது, இப்டி கத்துது? இருங்க, ரெண்டு சொட்டு உடறேன்" என்று இடது சக்கரத்தின் பின்னால் குந்தினாள். கை தேடவில்லை. கேனின் மூக்கு நேராக அந்தத் துளைக்குப் போயிற்று.

"வேணாம் அபிதா! தொடாத!"

தெருவுக்கே கேட்டிருக்கும். அவள் திடுக்கிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள்.

"இன்னாத்துக்கு இப்டி கத்தறீங்க? போன ஆடி அமாவாசைக்கும் இது இப்டித்தான் கத்திகினு இருந்துது. நான் எண்ணெ உட்ட பொறவுதானே சத்தம்..."

நிறுத்திவிட்டாள்.

ஏதாவது சொல்லவேண்டும், சிரிக்கவாவது வேண்டும். சின்னக்கண்ணு முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் மறந்து நின்றான். அபிதா அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு சக்கரத்தைப் பார்த்தாள். பிறகு தன் கையைப் பார்த்தாள். கேன் சாய்ந்தபடியே இருந்தது, அவள் நிமிர்த்தவில்லை. மூக்கில் சுற்றியிருந்த கிளிப்பச்சைப் பட்டு நூல் ஊறி, அதன் நுனியில் எண்ணெய் ஒரு சொட்டாகத் திரண்டு, விழாமல் தொங்கிக்கொண்டிருந்தது.