இரண்டு பஞ்சாங்கமும் ஒரு திவசமும்

மாமனாரின் முதல் வருஷத்து ஆட்டைத் திவசத்துக்கு ஒரு நாள் லீவு கேட்டு, சுபாஜினி ஒன்றரை மாதத்துக்கு முன்னமே எழுதிக் கொடுத்திருந்தாள். திவசம் என்றால் என்னவென்று சிங்களத்தில் விளக்க அவள் கொஞ்சம் திண்டாடினாள். மேஜர் அம்மா கேட்டுவிட்டு, எங்கள் வருஷத் தானம் மாதிரியோ என்றார். அதே மாதிரித்தான் என்று சுபாஜினி தலையாட்ட, கையெழுத்து விழுந்தது. திங்கட்கிழமை பின்னேரம் நாலு மணி தொடக்கம் செவ்வாய் பின்னேரம் ஆறு மணி வரை. பட்டாளத்தில் இரண்டாம் லெப்டினன்டுக்கு அதற்கு மேல் கேட்க வாயில்லை.

பட்டம் முடித்து நல்லூரில் நாலு வருஷம் ரியூசன் வகுப்பு எடுத்துக்கொண்டு அரசாங்க வேலைக்குக் காத்திருந்தவள் அவள். ஆமியில் தமிழ்ப் பட்டதாரிப் பெண்களை எடுக்கிறார்கள் என்று விளம்பரம் வந்தபோது யாருக்கும் சொல்லாமல் விண்ணப்பம் போட்டாள். கிடைத்த பிறகு எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கொடிகாமத்தில் தண்ணீர்ப் பம்பு திருத்துகிற மயூரதன் அவளைத்தான் கட்டுவேன் என்று நின்றபோது, அவனுடைய சொந்தக்காரர் பாதிப்பேர் கலியாணத்துக்கு வரமாட்டோம் என்றார்கள். அவனுடைய தகப்பன் ஏரம்பு சந்தையில் முருங்கைக்காயும் தேங்காயும் மொத்தமாய் எடுத்துக் கொழும்புக்கு அனுப்புகிற மனிதர். அதிகம் கதைக்கமாட்டார். அன்றைக்கு மட்டும் கதைத்தார்.

"பெட்டை உத்தியோகத்துக்குப் போறாள். களவெடுக்கப் போகேல்லை."

அவ்வளவுதான். அந்த ஒரு வசனத்தில் கலியாணம் நடந்தது. வரமாட்டோம் என்றவர்களும் வந்து, இரண்டாம் பந்தியிலும் இருந்து சாப்பிட்டார்கள்.

கலியாணம் முடிந்து மூன்று வருஷம். பன்னிரண்டு நாள் முகாம், இரண்டு நாள் வீடு. முகாமில் அவள் சொன்னால் முப்பது பெண்கள் ஒரே காலில் திரும்புவார்கள். வீட்டில் அவள் சொல்லி ஒரு சட்டிகூட இடம் மாறாது, ஏனென்றால் அந்தக் குசினிக்கு மேஜர் ஜெனரல் மாமியார் பராசக்தி. மருமகளின் சீருடையை ஒழுங்கைப் பக்கக் கொடியில் காயப்போடக் கூடாது என்பது அவருடைய முதல் கட்டளை. அது அறைக்குள் மின்விசிறிக்குக் கீழேதான் காயும். மழைக் காலத்தில் இரண்டு நாளும் காயாமல் ஈரத்தோடு பைக்குள் போகும். தாலிக்கொடியைச் சுபாஜினி கழற்றுவதில்லை. சட்டைக்குள் வெளியே தெரியாமல் ஊசி குத்தி வைத்திருப்பாள். அவள் வீட்டுப் படலையைத் திறந்தவுடன் மாமியின் கண் முதலில் போவது கழுத்துக்குத்தான். அதைப் பார்த்த பிறகுதான் "வா பிள்ளை" வரும்.

போன ஆவணியில் ஏரம்பு செத்தபோது சுபாஜினி தியத்தலாவையில் ஒரு பயிற்சியில் இருந்தாள். தகவல் வந்து, அனுமதி வாங்கி, பஸ் மாறி மாறி அவள் கொடிகாமம் வந்து இறங்கப் பகல் பன்னிரண்டு. பிரேதம் பதினொன்றுக்கே எடுத்துவிட்டார்கள். பந்தலில் சனங்கள் குந்தியிருந்து சோடா குடித்துக்கொண்டிருந்தார்கள். தன்னை இந்த வீட்டுக்குள் எடுத்த மனிதரின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவில்லை என்பது அவளுக்கு இன்றைக்கும் ஆறாத புண். அதனால்தான் முதல் திவசத்துக்காவது தானே குளித்து முழுகி, ஈரத் தலையோடு சமைத்துப் படைக்க வேண்டும் என்று பிடிவாதமாய் இருந்தாள். அந்த வீட்டுக்கு அவள் ஒருத்திதான் மருமகள்.

திங்கட்கிழமை பின்னேரம் வந்து சேர்ந்தாள். வீட்டைப் பார்த்தவுடனேயே மனதுக்குள் ஏதோ இடறியது. மறுநாள் திவசம் என்றால் வீடு கழுவியிருக்க வேண்டும். பரணில் இருக்கும் மரக்கறிச் சட்டிகள் இறங்கியிருக்க வேண்டும். மாமியோ விறாந்தையில் இருந்து ஆறுதலாய் உழுந்து புடைத்துக்கொண்டிருந்தார்.

வேலை ஒன்றும் தொடங்கவில்லையா என்று சுபாஜினி கேட்டாள். நாளைக்குத்தானே தொடங்க வேண்டும், திவசம் புதன்கிழமைதானே என்றார் பராசக்தி.

விஷயம் இதுதான். ஆவணித் தேய்பிறைத் தசமி என்று மயூரதன் சொன்னான். சுபாஜினி தேதியைத் தன் தாயிடம் போனில் கேட்டாள். நல்லூரில் தாய் வீட்டில் திருக்கணித பஞ்சாங்கம். தாய் பார்த்துச் செவ்வாய் என்றாள். கொடிகாமத்து வீட்டில் ஏரம்புவின் தகப்பன் காலத்திலிருந்து வாக்கிய பஞ்சாங்கம். அதில் தசமி புதன்கிழமை மத்தியானத்தில்தான் நிற்கிறது. இரண்டு பஞ்சாங்கமும் ஒன்றுக்கொன்று சில மணித்தியாலம் முன்னே பின்னே ஓடும் என்பது யாழ்ப்பாணத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வருஷப் பிறப்பு வந்தால் அதை வைத்துத்தான் பாதி ஊர் சண்டை பிடிக்கும். தெரிந்தும், புருஷன் வீட்டுத் திதியைத் தாய் வீட்டுப் பஞ்சாங்கத்தில் பார்த்தது அவள் பிழை. எந்த நாளுக்கு லீவு எடுத்தாய் என்று ஒரு வார்த்தை கேட்காமல் இருந்தது மயூரதனின் பிழை. இரண்டு பேரும் படித்தவர்கள் வேறு.

"நீர் என்னட்டை ஒருக்கால் கேட்டிருக்கலாமெல்லே?" என்றான் அவன்.

"நீங்களும் சொல்லியிருக்கலாம்," என்றாள் அவள்.

அதற்கு மேல் சண்டை பிடிக்க நேரமில்லை. அவள் கிணற்றடிக்குப் போய் நின்று மேஜருக்குப் போன் எடுத்தாள். லீவை ஒரு நாள் தள்ள முடியுமா என்று கேட்டாள். மேஜர் கெட்டவர் இல்லை. அதனால்தான் இல்லை என்பதைக் கேட்கக் கஷ்டமாக இருந்தது. புதன் காலை பிரிகேட் தளபதி வருகிறார். பெண்கள் அணியின் மரியாதை அணிவகுப்பு சுபாஜினியின் பொறுப்பு. மூன்று கிழமையாய் அந்த முப்பது பேரும் அவளுடைய குரலுக்குத்தான் பழகியிருக்கிறார்கள். அவளுக்குப் பதிலாய் நிற்கக் கூடிய மற்ற அதிகாரியின் பிள்ளைக்கு டெங்கு, அவள் குருநாகலுக்குப் போய்விட்டாள். மேஜர் இரண்டு தரம் மன்னிப்புக் கேட்டார்.

ஐயரை நாளைக்கு மாற்றலாமா என்று மயூரதன் பார்த்தான். ஐயருக்கும் வாக்கியம்தான். அதுவுமல்லாமல் அதே திதியில் புதன்கிழமை அவருக்கு இன்னும் இரண்டு வீடு இருந்தது. விறாந்தையிலிருந்தபடியே பராசக்தி சொன்னார்:

"ஐயர் வருமட்டும் அமாவாசை நிக்குமோ? திதி திதிதான்."

அறைக்குள் வந்து மயூரதன் குரலைத் தாழ்த்தினான். காய்ச்சல் என்று சொல்லிவிட்டு நின்றுவிடும், ஒரு நாள்தானே, ஆர் வந்து பார்க்கப் போகினம் என்றான். சுபாஜினிக்கு அந்த யோசனை அவன் சொல்லுமுன்னமே வந்திருந்தது. கிணற்றடியில் நின்றபோதே வந்திருந்தது. தொண்டை வரைக்கும் வந்ததை அங்கேயே விழுங்கிவிட்டுத்தான் உள்ளே வந்திருந்தாள்.

"மாட்டன். பொய் சொல்லிப்போட்டு நிண்டு சமைச்சால் மாமாவுக்குச் செரிக்காது."

சொல்லி முடிக்க அழுகை வந்தது. அவள் அழுததை மயூரதன் கலியாணத்துக்குப் பிறகு இரண்டாம் முறையாய்ப் பார்த்தான். முதல் முறை அந்தச் செத்தவீட்டுப் பந்தலில். அவன் கதவைச் சாத்திவிட்டு அவளுக்குப் பக்கத்தில் வந்து இருந்தான்.

செவ்வாய்க்கிழமை அவள் செய்ய முடிந்ததையெல்லாம் செய்தாள். விடிய எழும்பி வீடு முழுக்கக் கழுவினாள். மரக்கறிச் சட்டிகளை இறக்கிப் புளி போட்டு மினுக்கினாள். அரிசியில் கல் பொறுக்கினாள். மிளகாய் வறுத்து இடித்தாள். பின் வளவில் தலைவாழை இலை வெட்டித் துடைத்து வைத்தாள். பராசக்தி இன்னதைச் செய், இன்னதைச் செய்யாதே என்று ஒன்றும் சொல்லவில்லை. அந்த வீட்டில் அது புதினம். கோபமாக்கும் என்று சுபாஜினி நினைத்துக்கொண்டாள். கோபப்பட மாமிக்கு நியாயம் இருக்கிறது என்றும் நினைத்தாள்.

மத்தியானம் அரியாலையிலிருந்து மயூரதனின் தங்கை உதயகலா வந்தாள். புதன்கிழமைச் சமையல் இனி அவள் கையில். பையை வைத்ததும் வைக்காததுமாய், உங்கடை ஆமியிலை எந்தப் பஞ்சாங்கம் மச்சாள் என்று கேட்டுச் சிரித்தாள். இன்னும் இரண்டு சொன்னாள். செத்தவீட்டுக்குப் பிந்தி, திவசத்துக்கு முந்தி என்றாள். சுபாஜினி அவளுடைய பையை எடுத்து உள்ளே வைத்தாள். சொன்னது பொய்யில்லையே.

சுபாஜினி அவளுக்குச் சொன்னதெல்லாம் வேறு. வாழைக்காயைப் பிரட்டலாய் வைக்காமல் குழைய அவித்துப் பால்கறியாய் வைக்கச் சொன்னாள். கடைசி இரண்டு வருஷம் மாமாவுக்குக் கடைவாய்ப் பல் இல்லை, சப்ப மாட்டார் என்றாள். பாயசத்துக்குச் சீனி வேண்டாம், பனங்கட்டிதான் கேட்பார் என்றாள். உதயகலாவுக்கு இதொன்றும் தெரியாது. கட்டிக்கொண்டு போய்ப் பத்து வருஷம். அவள் சிரிப்பை விட்டுவிட்டு, இன்னொருக்கால் சொல்லுங்கோ மச்சாள் என்று கேட்டுக் கேட்டு மனதில் வாங்கிக்கொண்டாள்.

மூன்றரை பஸ்ஸுக்குச் சுபாஜினி வெளிக்கிட்டாள். மாமியிடம் போய், போட்டு வாறன் என்றாள். பராசக்தி ஓம் என்று மட்டும் சொன்னார்.

புதன் காலை அணிவகுப்பு நன்றாக நடந்தது. முப்பது பேரும் ஒரு பிசகில்லாமல் திரும்பினார்கள். தளபதி நின்று இரண்டு பேரிடம் ஊர் கேட்டார். சுபாஜினியின் குரல் மைதானத்தின் மற்றக் கரை வரைக்கும் போனது. அவள் காலையிலிருந்து தண்ணீர் மட்டும்தான் குடித்திருந்தாள். பதினொன்றரைக்கு, இப்போது ஐயர் தர்ப்பை போட்டிருப்பார் என்று நினைத்தாள். பன்னிரண்டரைக்கு, இப்போது காகத்துக்கு வைத்திருப்பார்கள் என்று நினைத்தாள். மெஸ்ஸில் அன்றைக்குத் தளபதிக்காகக் கோழியும் இறாலும். பால் விடாத ஒரு பிளேன்ரீயை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

இரண்டு மணிக்கு வாசல் காவலிலிருந்து அழைப்பு வந்தது. மெடத்தைப் பார்க்க இரண்டு பேர் வந்திருக்கிறார்கள்.

வாசலுக்குப் பக்கத்தில் வருபவர்கள் இருப்பதற்குத் தகரம் போட்ட ஒரு கொட்டில். இருக்க இரண்டு மர வாங்கு. மயூரதன் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி நின்றான். மூன்று வருஷத்தில் அவளை எத்தனையோ தரம் கொண்டுவந்து சந்தியில் இறக்கிவிட்டவன், ஒரு நாளும் வாசல் வரைக்கும் வந்ததில்லை. வாங்கில் வெள்ளைச் சேலையோடு பராசக்தி. மடியில் சோறு கட்டிய நாலடுக்கு ரிபன் கரியர். கொடிகாமத்திலிருந்து அவ்வளவு தூரமும் மோட்டார் சைக்கிளில் அதை மடியில் வைத்துக்கொண்டே வந்திருக்கிறார்.

சுபாஜினி அணிவகுப்பு உடையிலேயே நின்றாள். தொப்பி, இடுப்புப் பட்டி, சப்பாத்து எல்லாம். மாமி அவளை இந்தக் கோலத்தில் கண்டதேயில்லை. காவலுக்கு நின்றவன் அவளுக்குச் சல்யூட் அடித்தான். பராசக்தி மருமகளை மேலிருந்து கீழே ஒரு தரம் பார்த்தார்.

வெளிச் சாப்பாடு உள்ளே போவதென்றால் திறந்து பார்த்துப் புத்தகத்தில் எழுத வேண்டும். காவல் சார்ஜன்ட் நரைத்த தலை, மரியாதையான மனிதர். அவர் கரியருக்குக் கை நீட்டினார். பராசக்தி கைபிடியை விடவில்லை. இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"மாமி, அவர் பாக்க மட்டும்தான். திருப்பித் தந்திடுவார்," என்றாள் சுபாஜினி.

பராசக்தி சார்ஜன்டைப் பார்க்கவில்லை. மருமகளைப் பார்த்துத்தான் சொன்னார்.

"தொண்ணூற்றாறிலை மாமாவை ஆமிச் சுற்றிவளைப்பிலை பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள். இவனுக்கு அப்ப மூண்டு வயசு. பதினொரு நாள் நான் காம்ப் வாசலுக்குச் சோறு கொண்டு போனனான். ஒரு நாளும் வாங்கேல்லை. பதினொரு நாளும் திருப்பிக் கொண்டுவந்து நாய்க்குப் போட்டனான்."

மயூரதன் தாயைப் பார்த்தபடி நின்றான். அவனுக்கும் இது புதிதுதான் என்பது முகத்தில் தெரிந்தது. ஏரம்பு ஒரு நாளும் சொன்னதில்லை. சுபாஜினியிடமும் சொன்னதில்லை. பதினொரு நாள் உள்ளே இருந்துவிட்டு வந்த மனிதர்தான், பெட்டை உத்தியோகத்துக்குப் போறாள் என்று சொல்லி அவளை வீட்டுக்குள் எடுத்திருக்கிறார்.

அம்மா என்ன சொல்கிறார் என்று சார்ஜன்ட் சிங்களத்தில் கேட்டார்.

சாப்பாடு கொட்டுண்டுவிடுமென்று பயப்படுகிறார் என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார். சுபாஜினி தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மாமி சொன்னதை ஒரு சொல் விடாமல் சிங்களத்தில் சொன்னாள். பதினொரு நாள் என்பதையும் சொன்னாள். நாய்க்குப் போட்டதையும் சொன்னாள்.

சார்ஜன்ட் நீட்டிய கையை எடுத்துவிட்டார். பிறகு கரியரைத் திறக்காமலேயே புத்தகத்தை விரித்து, சோறு என்று எழுதி, கையெழுத்துக்கு அவளிடம் நீட்டினார். அவள் பெயரையும் தரத்தையும் எழுதி ஒப்பம் வைத்தாள்.

பராசக்தி அப்போதுதான் பிடியைத் தளர்த்தினார். வாங்கிலேயே இலையை விரித்து, அடுக்குகளைக் கழற்றினார். வாழைக்காய்ப் பால்கறி குழைந்துபோய் இருந்தது.

"கையைக் கழுவிப்போட்டு வா. நாங்களும் இன்னும் சாப்பிடேல்லை."

சுபாஜினி கழுவிக்கொண்டு வந்து, மாமிக்கும் மயூரதனுக்கும் நடுவில் இருந்தாள். பராசக்தி முதல் கவளத்தைக் குழைத்து, வாசலைக் கடந்து முகாமுக்குள்ளே போகும் பாதையை ஒரு தரம் பார்த்துவிட்டு, அதை மருமகளின் கையில் வைத்தார்.

"மாமான்ரை பங்கு," என்றார். "சாப்பிடு."