கதிர்வீச்சு இல்லை என்றொரு துண்டு

அந்தப் பாறைகளைக்கூட நான் இவ்வளவு விசாரிக்கவில்லையே. ஒரு பாறைக்கு ஐந்து நிமிடம். கதிர் அளக்கும் கருவியை மேலே வைத்து, விரல் விறைக்க நின்று, எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்ததற்குப் போனேன். அதன் வம்சத்தையா கேட்டேன்?

தேநீரை நீட்டியபடி தயாளினி இப்படித்தான் நினைத்துக்கொண்டாள். மாப்பிள்ளை அருட்செல்வனின் பெரியம்மா பராசக்தி மருதனார்மடத்திலிருந்து காலையிலேயே கோப்பாயில் இவர்கள் வீட்டுக்கு வந்திருந்தார். வந்ததிலிருந்து அவளுடைய வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பேப்பரிலை படம் பாத்தம், பிள்ளை. அந்தாட்டிக்காப் பனிக்குள்ளை ரெண்டு மாசம் கல்லு ஆராய்ச்சியாமே. அங்கை இருக்கிற கல்லெல்லாம் கதிர்வீச்சாம்.”

“எல்லாக் கல்லிலையும் கொஞ்சம் இருக்கு, மாமி. உங்கடை குசினியிலை சமைக்கிற மேடைக் கல்லிலையும் இருக்கும்.”

“சும்மா போம், பிள்ளை! அது இந்தியாவிலையிருந்து வந்த நல்ல கல்லு.”

தயாளினிக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் இருந்த அம்மா மீனாம்பிகைக்கு வரவில்லை.

“பெரிசா ஒண்டுமில்லை,” என்றார் பராசக்தி. “ஒரு துண்டு. பிள்ளை பிறக்கிறதுக்கு ஒரு குறையுமில்லை எண்டு டொக்டர் எழுதித் தந்தால், வாற ஆவணியிலேயே கலியாணத்தை வைக்கலாம்.”

“ஒரு துண்டுதானே,” என்றாள் அம்மா. மகளுக்கு முப்பத்து நாலு வயது என்பதை அந்தக் குரலே சொன்னது.

கொடுத்துவிடலாம் என்றுதான் தயாளினிக்கும் பட்டது. மனத்தின் ஒரு பாதி, வெட்கமில்லாமல், கைப்பையோடு வாசலில் போய் நின்றுவிட்டது. மூன்று வாரமாக அருட்செல்வனோடு தொலைபேசியில் கதைக்கிறாள். அவனை அவளுக்குப் பிடித்துப்போயிருந்தது. பனியைக் கிழித்துக்கொண்டு கறுப்பாய் நிற்கும் அந்தப் பாறைகளைப் பற்றி அவனைப் போல வேறு யாரும் கேட்டதில்லை. அவற்றால் உடம்பில் பட்டதைவிட விமானப் பயணத்தில் பட்ட கதிர்தான் அதிகம் என்று அவள் சொன்னபோது, “விளங்குது” என்றவன். பெரியம்மாவின் பயத்துக்கு ஒரு துண்டு. அதில் என்ன குறைந்துவிடப் போகிறது?

“இது அவருக்குத் தெரியுமோ, மாமி?”

“தெரியாமலோ? அவன்தானே என்னை அனுப்பினவன். தான் கேட்டால் நீர் கோவிப்பீராம்.”

பாறைகளைப் பற்றிச் சொல்கிறேன் என்று அவள் பூரித்துப்போன அத்தனை மாலைகளிலும், அவன் அவளுடைய கர்ப்பப்பையைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். “விளங்குது” என்றானே தவிர, அவள் சொன்னதை நம்பவில்லை.

“நாளைக்கே டொக்டரிட்டைப் போவம், என்ன?” அம்மா அவளுடைய முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

தயாளினி குரலை உயர்த்தவில்லை.

“நான் வரமாட்டன், அம்மா.”