திறந்துவிட்ட டெர்மினல்

ஸ்ரீரங்கத்து வீட்டிலிருந்து வேலை பார்க்கும் தேவதர்ஷினியும் தென்னூர் அலுவலகத்திலிருக்கும் தமிழ்மணியும் ஒரே சர்வரில் வேலை செய்பவர்கள். ஒருவர் தட்டும் வரி மற்றவர் டெர்மினலில், அதாவது கட்டளைகள் தட்டும் திரையில், நேராக வந்து நிற்கும். அவர்கள் பேச்செல்லாம் அப்படித்தான். வெள்ளிக்கிழமை ஒரு வேலையாக அலுவலகம் வந்திருந்த அவளைப் பஸ் ஏற்றிவிட வந்தவன், "நாம கல்யாணம் பண்ணிக்கலாமாங்க?" என்று கேட்டேவிட்டான்.

"திங்கட்கிழமை டெர்மினல்ல கேளுங்க, சொல்றேன்" என்று சிரித்தபடி ஏறிவிட்டாள்.

திங்கட்கிழமை மதியம்வரை ஒரு வரிகூட வரவில்லை. மனசு மாறிவிட்டானோ என்று சாப்பாடு இறங்காமல் அவளே போன் செய்தாள்.

"என்னங்க, டெர்மினல்ல கேக்கச் சொன்னேனே, காணோமே?"

"மூணு தடவ கேட்டேங்க. நீங்க யாரோட செய்தியையும் வாங்கறதில்லன்னு வந்துச்சு. இதுதான் பதிலாக்கும்னு விட்டுட்டேன்."

"ஐயோ, அது நான் இல்லீங்க, என் புரோகிராம்!"

ஞாயிற்றுக்கிழமை சி மொழியில் எழுதிய புது டெர்மினல் புரோகிராமில்தான் காலையிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அது திறக்கும் ஒவ்வொரு டெர்மினலுக்கும் பாதுகாப்புக்காக 0600 என்று அனுமதி எண் வைத்திருந்தாள். அப்படி வைத்தால் வேறு யாரும் அதில் எழுத முடியாது. பிறர் செய்தியும் வரட்டும் என்று இப்போது அதை 0620 ஆக்கி, கம்பைல் செய்து, புதிதாக ஒரு டெர்மினலைத் திறந்தாள்.

"இப்ப அனுப்புங்க."

"பயமா இருக்குங்க."

"மூணு தடவ கேட்டவருக்கு நாலாவதுக்கு என்ன பயம்?"

அவள் எழுதிக்கொண்டிருந்த வரிகளுக்கு நடுவே அவன் கேள்வி எழுத்துப்பிழையோடு வந்து விழுந்தது. "சரிங்க" என்று தட்டி அனுப்பினாள். அவன் கேள்வியால் கலைந்து கிடந்த திரையை அழிக்க மட்டும் அவளுக்கு மனசு வரவில்லை.