மஞ்சள் பூசிய செடி

எங்கள் வீட்டுக் குளியலறையில் ஒரு மழைக்காடு இருந்தது. காடு என்றால் ஒரே ஒரு செடிதான். ஆனால் வெந்நீர்க் குழாயைத் திறந்து கதவைச் சாத்திவிட்டால் கண்ணாடி மறைந்து, சுவர் மறைந்து, அந்த இலைகள் மட்டும் ஆவிக்குள் மிதக்கும். பல் விளக்க வந்த நான் பிரஷ்ஷை வாயில் வைத்தபடி அப்படியே நின்றுவிடுவேன். எந்த ஊரில் நிற்கிறேன் என்பதே மறந்துபோகும். லண்டன் லூயிஷாம் ரயில் ஸ்டேஷனில் என் வேலை ஷிப்டுக்குப் பிந்தினால் இதைக் காரணமாகச் சொல்ல முடியாது. சொன்னால் என்னை டொக்டரிடம் அனுப்பிவிடுவார்கள்.

செடியைக் கொண்டுவந்தவள் என் மனைவி நீலவேணி. மலேசியாவின் ஈப்போவில் பிறந்து, படிக்க வந்து, இங்கேயே தங்கிவிட்டவள். ஒரு தாவரத் தோட்டத்தின் கண்ணாடி வீட்டில் வேலை. அங்கே பெயர்ச்சீட்டு தொலைந்து கிடந்த இந்தச் செடியின் தண்டு கணுவுக்குக் கணு வீங்கியிருந்தது. வீக்கங்களின் உச்சியில் ஓட்டைகள். தண்டு துளைக்கும் புழு, மற்றச் செடிகளுக்கும் பரவும், எறிந்துவிடு என்றார் மேலாளர். இவள் கெஞ்சி வாங்கி, கோட்டுக்குள் அணைத்துக்கொண்டு ரயிலில் வந்துவிட்டாள்.

இது எறும்புகளுக்கு வீடு கொடுக்கும் செடி என்பது அவளுடைய ஊகம். வீங்கிய தண்டின் உள்ளே வெறும் கூடு. காட்டில் எறும்புகள் அதில் குடியிருக்கும். அவள் நினைத்த செடிதான் என்றால், அந்த வாசல்களைப் புழு துளைப்பதில்லை, எறும்பும் கடிப்பதில்லை. செடியே திறந்துவிடும். ஆனால் பூவும் இல்லாத செடியை வைத்து அதை எப்படி நிரூபிப்பது? நிரூபித்தால் அது கண்ணாடி வீட்டுக்குத் திரும்பலாம். இல்லாவிட்டால் எங்கள் வீட்டுக் குளிரில் இந்த மார்கழியைத் தாண்டாது.

எங்களுக்கு இரண்டு முறை கரு உண்டானது. இரண்டு முறையும் தங்கவில்லை. குழந்தைக்கென்று வர்ணம் அடித்த சின்ன அறையின் ஹீட்டரை நிறுத்தி, கதவைச் சாத்தியிருந்தோம். அதைப் பற்றிப் பேசுவதில்லை. இன்னுமொன்று அவள் கையை விட்டுப் போவதை நான் பார்க்கக்கூடாது. எனக்குத் தெரிந்த தாவரவியல் அவ்வளவுதான்.

ஒருநாள் காலை முகம் மழிக்கும்போது புதிதாக வீங்கிய கணுவைத் தடவிப் பார்த்தேன். வழுவழுவென்று இருந்தது. வேலை முடிந்து பின்னேரம் வந்தால், அது வெடித்துக் கிடந்தது. விழுந்தாலும் வெட்டினாலும் எங்கள் வீட்டில் மஞ்சள்தான் மருந்து. நல்லெண்ணெயில் மஞ்சளைக் குழைத்து, அந்தப் புதுக் காயத்துக்கும், கையோடு கையாகப் பழைய ஓட்டைகளுக்கும் அப்பிவிட்டேன்.

நீலவேணி வந்தாள். குளியலறைக்குள் போனவள் வெளியே வரவேயில்லை. எட்டிப் பார்த்தால், குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து செடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கதவையெல்லாம் அடைச்சிட்டீங்களே," என்றாள்.

"காயம் எண்டு நினைச்சன். காலமை முழுசா இருந்தது, பின்னேரம் வந்து பாக்க வெடிச்சுக் கிடந்தது. நீர் கண்டால் அழுவீர் எண்டுதான்…"

அவள் தலையை நிமிர்த்தினாள். "முழுசாவா இருந்துச்சு? நல்லா தெரியுமா?"

"ஓம். தடவிப் பாத்தனான்."

பூச்சி ஏதாவது இருந்ததா, மரத்தூள் கொட்டியிருந்ததா என்று கேட்டாள். ஒன்றுமே இல்லை என்றேன். அவள் அழுதாள். பிறகு என் மஞ்சள் விரல்களைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் சந்தோஷமாக இருந்தது.

கணு தானாகவே திறந்தது என்று என் வாய்ச்சொல்லை வைத்து மேலாளர் நம்பமாட்டார். ஆகவே அடுத்த கணுவுக்குக் காத்திருந்தோம். அது வீங்கத் தொடங்கியதும் கைபேசியைச் சவர்க்காரத் தட்டில் சாய்த்து வைத்துப் படம் பிடித்தோம். குளிக்கும்போது மட்டும் அதன்மேல் ஒரு துவாயைப் போடவேண்டியிருந்தது.

லீவு நாளொன்றில் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்துவிட்டேன். கனவில் நான் எறும்பளவு. தண்டுக்குள் நடக்கிறேன். அறைக்கு அப்பால் அறை, பச்சைச் சுவர்கள், கூட்டித் துடைத்தது போன்ற தரை. ஒருவரும் இல்லை. ஆனால் பயமும் இல்லை. எங்கிருந்தோ மெல்லிய கோடாக வெளிச்சம் வருகிறது.

நீலவேணி என் தோளை அழுத்தினாள். எதிரே அந்தக் கணுவின் உச்சியில் ஒரு கீறல் அகன்றுகொண்டிருந்தது. யாரும் தட்டவில்லை. உள்ளே வரவும் யாரும் இல்லை. அது தன் பாட்டில் திறந்துகொண்டிருந்தது. நாங்கள் மூச்சு விடவும் யோசித்தபடி பார்த்திருந்தோம்.

அந்தப் படத்தையும், இலைக்காம்பின் அடியில் காதுபோல் விரிந்த சிற்றிலைகளையும் வைத்து அவள் பெயரை உறுதி செய்தாள். ஹம்போல்ட்டியா. இலங்கையின் தென்மேற்கு மழைக்காட்டுச் செடி. "உங்க ஊர்க்காரங்கதான்," என்று என்னைச் சீண்டினாள். பனையும் வெயிலும் பார்த்து வளர்ந்த யாழ்ப்பாணத்தானுக்கு அந்தக் காட்டைக் காண லண்டன் குளியலறைக்கு வரவேண்டியிருந்தது. மேலாளர் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டாராம். தண்டில் ஏன் மஞ்சள் கறை என்று மட்டும் கேட்டாராம். அது வீட்டு வைத்தியம் என்றிருக்கிறாள்.

செடியைக் கொடுப்பதற்கு முன் ஒரு கிளையை வெட்டிச் சின்னச் சட்டியில் நட்டிருந்தாள். வேர் விடச் சீரான சூடு வேண்டும், குளியலறை போதாது என்றாள். சட்டியைத் தூக்கிக்கொண்டு போனவள் சின்ன அறையின் முன்னால் நின்றாள். அவளுடைய இரண்டு கையிலும் சட்டி. என்னைப் பார்த்தாள்.

நான் கதவைத் திறந்தேன். உள்ளே குனிந்து ஹீட்டரின் குமிழைத் திருப்பிவிட்டேன். அதன் குழாய்க்குள் சுடுதண்ணீர் முனகிக்கொண்டு வந்தது. அறையில் சூடு ஏறும்வரை இருவரும் நிலத்திலேயே உட்கார்ந்திருந்தோம்.