எட்டாம் வகுப்புக்கு வந்த யூதர்

ஒரு சின்ன வெள்ளிச் சிமிழைத் தூக்கிக் காட்டி, இது எதற்கென்று நம் விருந்தினர் சொல்வார் என்று எட்டாம் வகுப்பு ஆசிரியை ஃப்ராவ் டோர்ன்பெர்க் அறிவித்தபோது, அந்த விருந்தினரான அர்கடி ரெஸ்னிக் குனிந்து அதை உற்றுப் பார்த்தான். மூன்று நாளாகக் கைபேசியில் பார்த்த காணொளி எதிலும் இந்தச் சிமிழ் வரவில்லை. உப்பு வைப்பதாக இருக்குமோ? மேஜைமேல் ஏழு கிளை விளக்கு, தொப்பி, பின்னல் போட்ட பிளாஸ்டிக் ரொட்டி எல்லாம் வரிசையாக இருந்தன. மாவட்டக் கல்வி அலுவலகம் பள்ளிகளுக்கு இரவல் கொடுக்கும் 'யூத மதம்' பெட்டியிலிருந்து வந்தவை. பட்டியலில் உள்ள பதினொரு பொருளும் சேதமில்லாமல் திரும்ப வேண்டுமாம். அர்கடியைப் பற்றி அந்தப் பட்டியலில் ஒன்றும் இல்லை.

பள்ளிகளுக்கு வழக்கமாக வந்து பேசும் பெரியவருக்குக் காய்ச்சல். யூத ஜெபக்கூடத்துச் செயலாளரம்மா, லிஃப்ட் பழுதுபார்க்கும் அர்கடியைப் பிடித்து அனுப்பிவிட்டாள். பத்தொன்பது வயதில் உக்ரைனிலிருந்து ஜெர்மனிக்கு வந்தவன் அவன். அவன் வீட்டில் யூத மதம் என்பது அப்பாவின் சோவியத் அடையாள அட்டையில் 'யூதர்' என்று இருந்த ஒரு வரி. அதைப் பற்றிப் பேசும்போது தணிந்துகொள்ளும் குரல். அவ்வளவுதான்.

காலையில் முதல்வர் ப்ரின்க்மான் அவனை வாசலில் 'வெறுப்புக்கு இங்கே இடமில்லை' பலகைக்குக் கீழே நிறுத்திப் படம் எடுத்தார். முதல் படத்தில் பலகை பாதிதான் விழுந்ததால் இன்னொன்றும் எடுத்தார். பத்தடி தள்ளி, பந்தைக் கொடுக்காமல் ஓடிய ஒருவனை, "குடுடா, யூதா!" என்று திட்டியபடி பையன்கள் விரட்டினார்கள். முதல்வர் கேமராவைப் பார்த்துச் சிரித்தபடியே சொன்னார்:

"நம்ம ஸ்கூல்ல அந்தப் பிரச்சனையே கிடையாது, ஹெர் ரெஸ்னிக். போர்டு வெச்சே ஆறு வருஷம் ஆச்சு."

மூன்றாவது வரிசையில், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த யானா ஹார்ட்விக் அர்கடியின் மகள். விவாகரத்துக்குப் பிறகு அவளுக்கு அம்மாவின் குடும்பப் பெயர். பெற்றோர் கூட்டத்துக்கும் அம்மாதான் வருவாள்; அவன் அவளுடைய அப்பா என்று இங்கே யாருக்கும் தெரியாது. போன ஞாயிற்றுக்கிழமை, பேச வரப்போகும் விஷயத்தை அவன் சொன்னபோது யானா சூப்பிலிருந்து நிமிராமல், "வாப்பா. ஆனா என்னைத் தெரியாத மாதிரி இரு," என்றாள். சரி என்றான். மைதானத்தில் பறக்கும் அந்த வார்த்தைக்குப் பயந்தா, அல்லது இத்தனை வருடம் கழித்தும் ரஷ்ய வாடை போகாத அவன் ஜெர்மனுக்கும் கிரீஸ் போகாத நகங்களுக்கும் கூச்சப்பட்டா? எது தனக்கு அதிகம் வலிக்கும் என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை.

சிமிழ் தனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்டான். தங்கள் வீட்டில் புத்தாண்டுக்கு, கிறிஸ்துமஸுக்குச் செய்வது போலவே, மரம் அலங்கரிப்பார்கள் என்றான். வகுப்பு சிரித்தது. ஃப்ராவ் டோர்ன்பெர்க் சிரிக்கவில்லை. ஓய்வு நாள் முடியும்போது முகர்ந்து பார்க்கும் வாசனைப் பொருள்களுக்கானது அது என்று குறிப்பேட்டைப் பார்த்து அவனுக்கே கற்றுக்கொடுத்தாள். பிறகு குரலைத் தழைத்துக்கொண்டு, குடும்பத்தில் யாரையெல்லாம் இழந்தீர்கள் என்றாள். தாத்தாவின் தங்கைகள் இரண்டு பேரை நாஜிகள் ஊருக்கு வெளியே ஒரு பள்ளத்தின் ஓரத்தில் வைத்துச் சுட்டார்கள் என்றான். லிஃப்ட் எந்த மாடியில் நின்றுபோனது என்று சொல்லும் குரலில்தான் அது வந்தது. அவள் கண்களை மூடித் தலையசைத்தாள். ஒருவழியாக அவள் எதிர்பார்த்த யூதர் வந்து சேர்ந்துவிட்டார்.

கேள்வி நேரத்தில் முன்வரிசைப் பையன் யோனாஸ், காலையில் பந்துக்காக விரட்டியவர்களில் ஒருவன், கை தூக்கினான். பிள்ளைகள் உண்டா என்று கேட்டான். ஒரு பெண் என்றான் அர்கடி. எங்கே படிக்கிறாள்? பக்கத்து ஊரில்.

"அங்க எல்லாருக்கும் தெரியுமா, அவ யூதப் பொண்ணுன்னு?"

"தெரியாதுன்னு நினைக்கிறேன்."

"ஏன் சொல்லல?"

அர்கடி பிளாஸ்டிக் ரொட்டியைப் பார்த்தான். அது உதவவில்லை. அதற்குள் ஜன்னலோரம் ஒரு கை உயர்ந்தது. ஃப்ராவ் டோர்ன்பெர்க்கின் முகம் மலர்ந்தது. யானா கை தூக்கி அவள் பார்த்ததே இல்லை.

"ஏன்னு அவகிட்ட நீங்க கேட்டீங்களா?" என்றாள் யானா.

"கேட்கல."

"கேட்டிருக்கலாம்."

அது குற்றச்சாட்டா, அழைப்பா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. அருமை, இதுதான் உரையாடல் என்று சொல்லி, ஃப்ராவ் டோர்ன்பெர்க் கரும்பலகையில் 'உரையாடல்' என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டாள். எழுதிவிட்டுத் திரும்பினாள்.

"வேற ஏதாவது கேட்கணுமா, யானா?"

"கேட்க ஒண்ணும் இல்ல. சொல்லத்தான் இருக்கு," என்றாள் யானா. தூக்கிய கை இன்னும் இறங்கவில்லை.