கிழக்குச் சுவரில் ஒரு வாசல்

சிமென்ட் பெர்மிட்டுக்காகத் தாலுக்கா ஆபீஸ் வாசலில் செருப்புத் தேய்ந்த காலம், எழுபத்து நாலு. அப்போதுதான் எல்லையோரச் சித்தூரில் இஞ்சினீயர் அர்த்தநாரியும் பணம் போட்ட நல்லமுத்துவும் கூட்டாக ஒரு கட்டடக் கம்பெனி திறந்தார்கள். வீடு கட்ட மாட்டார்களாம். மில்லு, கிடங்கு, கடை மட்டும்தானாம். சிமென்ட் வேண்டாம், கம்பி வேண்டாம், உள்ளூர்ச் செங்கல்லும் சுண்ணாம்பும் போதும். மலைக் கணவாய் வழி வருகிற காற்றே உள்ளே வந்து போகும், ஃபேன்கூட வேண்டாம் என்றார்கள். ஊர் விடுமா? "சுண்ணாம்பு வெத்தலைக்கு ஆகும், கூரைக்கு ஆகுமா?" என்று சிரித்தது.

சிரிக்காமல் வேலை கொடுத்தவர் பெருமாட்டி ஊர்ச் சின்னையன் ஒருவர்தான். தென்னந்தோப்புக்காரர். அவருடைய எண்ணெய் மில்லுக்குப் பாதிப் பீப்பாயைக் கவிழ்த்த மாதிரி நீளமாய் ஒரு செங்கல் வளைவுக் கூரை போட்டுக் கொடுத்தான் அர்த்தநாரி. அந்த மாதிரிக் கூரை சும்மா நிற்காது. இரண்டு பக்கச் சுவரையும் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். அதற்காகத்தான் சுவர் அத்தனை கனம்.

"அண்ணா, எதை வேணா மாத்திக்குங்க. இந்த ரெண்டு செவுத்துல மட்டும் கை வெச்சராதீங்க" என்று தலைபாடாக அடித்துக்கொண்டான். சின்னையனும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினார். சாரம் பிரித்த பிறகும் கூரை அசையாமல் நின்றது. இனி நாலு பேர் நம்மிடம் வருவார்கள் என்று அர்த்தநாரி அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினான்.

மில்லில் பால் காய்ச்சும் நாள் வந்தது. தை மாசத்துக் காற்று பனைமரங்களைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. மனைவி பூவாத்தாளை முதல் பஸ்ஸில் அனுப்பிவிட்டு அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கிய அர்த்தநாரி, மில்லைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

கிழக்குச் சுவரில் ஒரு வாசல் இருந்தது. அவன் வரையாத வாசல். மாட்டுவண்டி நுழைகிற அகலத்துக்குச் சுவரை உடைத்து, மேலே இரண்டு பனங்கட்டையைக் கொடுத்து, மாவிலைத் தோரணம் வேறு கட்டியிருந்தார்கள். அட பாவி மனுஷா! தாங்குகிற தோளையே வெட்டிவிட்டுத் தோரணமா? கட்டை நடுவில் தொய்ந்திருந்தது. அதற்கு மேலே கூரை வரைக்கும் புதுப்பூச்சில் ஒரு வெடிப்பு ஓடியது. விரலை வைத்துப் பார்த்தான். நகம் உள்ளே போயிற்று.

உள்ளே சனம் நிறைந்திருந்தது. நடுவில் மூன்று கல் அடுப்பில் பால்பானை. சின்னையனின் மனைவி நாச்சம்மாள் தென்னமட்டையைத் தள்ளித் தீயை ஏற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பூவாத்தாள்.

அர்த்தநாரி சின்னையனைத் தனியே இழுத்தான். "இதென்னங்கண்ணா வாசல்?"

"ஜோசியரு சொன்னாருங்க, லட்சுமி கெழக்காலதான் வரோணுமாம். உங்களக் கேட்டா வேண்டாம்பீங்க, அதான் சொல்லல."

"எல்லாத்தையும் வெளிய வரச் சொல்லுங்க. இப்பவே. கூரை நிக்காது!"

"மெல்லப் பேசுங்க இஞ்சினீருங்க, நல்ல காரியத்துல அபசகுனமா! பால் பொங்காம ஆராச்சும் எந்திரிப்பாங்களா?" சின்னையன் அவன் தோளைத் தட்டிவிட்டுச் சிரித்தார். "நீங்க கட்டுன கூரைய நீங்களே நம்பலீன்னா எப்புடி?"

கத்தினால் கம்பெனி போச்சு. சுண்ணாம்புக் கூரையைக் கட்டினவனே அதற்குப் பயந்து ஓடினான் என்று கோபாலபுரம் எல்லைச் செக்போஸ்ட் வரைக்கும் பேசுவார்கள். கத்தாவிட்டால்? வெட்கக்கேடு, அந்த நேரத்திலும் அவன் கம்பெனியைத்தான் நினைத்தான்.

பூவாத்தாளின் தலையில் கூரையிலிருந்து சுண்ணாம்புப் பொடி உதிர்ந்தது. அவள் தட்டிவிட்டுக்கொண்டாள். மறுபடியும் உதிர்ந்தது. பனங்கட்டை முனகியது.

சொன்னால் இவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். தன்னை அடிக்கத் துரத்திக்கொண்டு வந்தால்?

அர்த்தநாரி கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய்ப் பால்பானையை எட்டி உதைத்தான்.

ஐயோ, அந்தக் கூச்சல்! "புடிங்கடா அவன!" என்று மொத்தச் சனமும் பாய்ந்தது. தலைதெறிக்க ஓடினான். பனைமரத்தடியில் சின்னையன் அவன் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்தார். பூவாத்தாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள்.

எல்லாரும் வந்துவிட்டார்களா? அடி விழ விழத் தேடினான். நாச்சம்மாளைக் காணோம்.

சட்டை கிழியத் திமிறிக்கொண்டு திரும்ப ஓடினான். உள்ளே அவள் குனிந்து, சிந்திய பாலை முந்தானையால் ஒற்றிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, வாங்கக்கா!"

"பாலு கால்ல மிதிபடக் கூடாதுங்க. பொறுங்க."

தரையில் கிடந்த பாலில் பொட்டுப் பொட்டாகச் சுண்ணாம்பு விழுந்தது. அவள் அதைப் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கிப் பார்த்தாள். அவளாகவே அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் வரைந்த வடக்கு வாசலைத் தாண்டி இரண்டு பேரும் மண்ணில் விழுந்தபோது, பின்னால் பனங்கட்டை முறிந்தது. கூரை மொத்தமும் உட்கார்ந்தது. புழுதி பனை உயரத்துக்கு எழும்பியது.

புழுதி அடங்குமுன் கூட்டத்தில் யாரோ ஆரம்பித்தார்கள். "நான் அன்னைக்கே சொன்னனே, சுண்ணாம்புக் கூரை..."

சின்னையன் தலையைக் குனிந்துகொண்டார். அர்த்தநாரி சொன்னால் யார் நம்பப் போகிறார்கள்?

நாச்சம்மாள் எழுந்து, பால் நனைந்த முந்தானையைப் பிழிந்தாள். "ஏனுங்க," என்றாள் புருஷனிடம், "எதுனால உளுந்துச்சுன்னு ஊருக்குச் சொல்லுங்க."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நான் உள்ள இருந்தனுங்க. சொல்லுங்க."

"செவுத்த ஒடச்சது நானுதான்" என்றார் சின்னையன். "வேண்டாம்னு சொல்லியும் ஒடச்சேன்."

அர்த்தநாரி அப்போதுதான் குனிந்து தன் காலைப் பார்த்தான். கொதித்த பால் பட்டுப் புறங்கால் முழுக்கக் கொப்பளித்திருந்தது. அதுவரை அவனுக்கு வலிக்கவே இல்லை.