பூவுக்கு விட்ட தண்ணீர்

செம்மொழி என்ற விவசாயப் பெண் எங்கள் அலுவலகத்துக்கு வந்த அன்று மழை தூறிக்கொண்டிருந்ததாகவே எனக்கு நினைவு. ஆனால் மழை இருந்திருந்தால் அவர் வந்திருக்கவே மாட்டார். வேறு ஏதோ ஒரு நாளின் மழையை அதோடு சேர்த்து வைத்திருக்கிறேன் போலிருக்கிறது. மற்றதெல்லாம் எந்த அளவுக்குச் சரி என்று சொல்லத் தெரியவில்லை.

பூதலூர்ப் பக்கம் ஒரு பாசனப் பிரிவு அலுவலகத்தில் நான் வரைவாளர். பெரிய துறையிலிருந்து பிரித்து நீருக்கென்று தனித் துறை ஆக்கியதை ஒட்டி ஒரு சிறப்பு மலர் போட இருந்தார்கள். அதில் துறையின் வரலாறும் நோக்கமும் பற்றிய கட்டுரை என் தலையில் விழுந்தது. புத்தகம் படிக்கிறவன் என்பதுதான் காரணம். கல்லணையிலிருந்து தொடங்கச் சொன்னார்கள். எல்லோரும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். வரலாறு எழுதுவதில் சிரமம் இல்லை. ஆறும் மதகும் இருந்த இடத்திலேயே இருக்க, பெயர்ப்பலகைகள் மாறி வந்திருந்தன. நோக்கம்தான் வரவில்லை. ‘கடைமடையின் கடைசி வயல் வரை தண்ணீர் கொண்டு சேர்ப்பது’ என்று எழுதிவிட்டு, மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த வாரம்தான் எங்கள் வாய்க்காலில் தண்ணீர் திறப்பு விழா நடந்திருந்தது. நடுவில் ஓரிடத்தில் பக்கச்சுவர் வேலை முடிந்திருக்கவில்லை. கான்கிரீட் இன்னும் இறுகாமல் பச்சையாக இருந்தது. ஆனால் தேதியை மாற்ற முடியாது என்று மேலே சொல்லிவிட்டார்கள். அதனால் வாய்க்கால் தொடங்கும் தலைப்பு மதகின் ஷட்டரைக் கொஞ்சம் ஏற்றி, வழக்கம்போல நெல்லும் பூவும் தூவி, படம் எடுத்து, வந்தவர்கள் கார் ஏறியதும் இறக்கிவிட்டார்கள். தூவிய பூ மதகடியிலேயே வாடிக் கிடந்தது.

வாய்க்கால் போய் முடியும் கடைமடையில் ஒரு வழக்கம் உண்டு. தலைப்பில் ஷட்டர் ஏறிய அன்றே விதை நெல்லை ஊறப்போட்டுவிடுவார்கள். முளை வெடிப்பதற்கும் தண்ணீர் வந்து சேர்வதற்கும் சரியாக இருக்கும். செம்மொழி அந்தப் படத்தைக் கைப்பேசியில் பார்த்திருக்கிறார். அம்மா காலம் வரை பிறர் வயலில் நடவு நட்ட குடும்பம். அந்த வருஷம்தான் முதன்முதலாகக் குத்தகைக்கு நிலம் பிடித்திருந்தார். விதை மொத்தத்தையும் ஊறப்போட்டுவிட்டார்.

ஈரச் சாக்கை மொபெட்டில் கட்டிக்கொண்டு வந்து, எங்கள் பொறியாளர் இளம்பரிதியின் மேசை முன்னால் பிரித்து வைத்தார். முளை வெள்ளையாக நீண்டிருந்தது. கை வைத்தால் காய்ச்சல்காரர் நெற்றிபோலச் சூடு. நாளைக்குள் சேற்றில் விழாவிட்டால் புளித்துவிடும்.

“அன்னிக்கு விட்டது பூ தூவறதுக்குங்க. ஒடனே அடைச்சிட்டோம்” என்றார் இளம்பரிதி.

“பூவுக்கு விட்டீங்க. வெதைக்கு விட மாட்டீங்களா?”

சுவர் சரிந்தால் இந்தப் போகத்துக்கு யாருக்குமே தண்ணீர் இல்லாமல் போகும் என்று இளம்பரிதி விளக்கினார். செம்மொழி குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார்.

“நான் செவுத்தக் கொற சொல்லலைங்க சார். மொளைகிட்ட யாரு போய்ச் சொல்றது?”

இளம்பரிதி மேலதிகாரிக்குப் போன் போட்டார். என்ன பதில் வரும் என்பது அங்கிருந்த மூன்று பேருக்கும் தெரிந்துதான் இருந்தது. முடியாது என்றே வந்தது; போனை வைத்தார். செம்மொழி என் பக்கம் திரும்பி, நான் என்ன எழுதுகிறேன் என்று கேட்டார். துறையின் வரலாறு என்றேன்.

“தண்ணி எங்க ஊருக்கு வந்த வரைக்கும் எழுதுங்க” என்றார். கேலியா என்று முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை.

இளம்பரிதி எழுந்து பைக் சாவியை எடுத்தார். மதகுக்குத்தான் போகிறார் என்று நினைத்தேன். அவரோ என்னையும் ஏற்றிக்கொண்டு, செம்மொழியைப் பின்னால் வரச்சொல்லி, தலைமடையில் போர்வெல் வைத்திருக்கும் அஹமது கபீரிடம் போனார்.

“ஆத்துத் தண்ணி ஆபீஸ்லேர்ந்து போர் தண்ணி கேட்டு வந்திருக்கீங்க. நல்லாத்தான் இருக்கு தம்பி” என்றார் கபீர். சாக்கில் கைவிட்டுப் பார்த்தார். அதன்பின் கேலி செய்யவில்லை. “வடக்கு மூலை ஏர் ஓட்டித்தான் கெடக்கு. தண்ணி பாய்ச்சித் தர்றேன், தெளிச்சுக்கம்மா. நாத்தாவாவது நிக்கட்டும்.”

மோட்டார் ஓடி, சேறு குழைந்ததும் செம்மொழி இறங்கித் தெளித்தார். அவர் தெளித்து முடிக்கும்வரை நாங்கள் வரப்பில் நின்றோம். கால் கழுவும்போது நிமிராமலே சொன்னார்.

“மறுபடியும் அடுத்தவங்க வயல்லயே எறக்கி விட்டுட்டீங்களே சார்.”

இளம்பரிதி பைக்கை உதைத்தார். நான் பின்னால் ஏறிக்கொண்டேன்.

சுவர் இறுகித் தண்ணீர் கடைமடைக்குப் போனபோது நாற்று முற்றிவிட்டிருந்தது. பறித்து நடுவதற்குச் செம்மொழி நினைத்திராத ஆள்கூலி வேறு. கதிர் சிறுத்துத்தான் வந்தது.

சுவர் இன்றைக்கும் உறுதியாக நிற்கிறது. மலர் வெளிவந்தது. கடைசி வயல் பற்றிய வரியை யாரும் திருத்தவில்லை, நானும் அடிக்கவில்லை. இளம்பரிதி மாற்றலாகி மயிலாடுதுறைக்குப் போய்விட்டார். அஹமது கபீர் அந்த வடக்கு மூலையில் தென்னை வைத்திருக்கிறார். செம்மொழி குத்தகையை விட்டுவிட்டு ஓர் அரிசி ஆலைக்கு வேலைக்குப் போகிறார். நான் அதே நாற்காலியில்தான் இருக்கிறேன்.